தோள் ஒரு சைஸ், சீட் ஒரு சைஸ்: 11 குர்த்திகளைப் பிரித்துத் தைத்த கதை

எங்கள் வீட்டு பீரோவின் நடுத்தட்டு முழுக்கக் குர்த்திகள்தான். அதில் நான் மாற்றி மாற்றிப் போடுவது நாலே நாலு. மீதி 11 குர்த்திகளும் கடை வெளிச்சத்தில் அழகாக இருந்து, வீட்டுக்கு வந்ததும் முகம் மாறியவை. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை போட்டிருப்பேன். அப்புறம் மடித்து உள்ளே தள்ளிவிட்டேன்.

"உன் உடம்பு வாகு அப்படி" என்பது அம்மாவின் தீர்ப்பு. அம்மா வழியில் எல்லாருக்கும் இந்த வாகுதான். மேலே ஒடிசல், கீழே அகலம். பேரிக்காய் வடிவம் என்று பத்திரிகைகளில் போடுவார்கள். அந்த வாகுக்கு அவர்கள் சொல்லும் யோசனைகளையும் வருஷக்கணக்கில் படித்தாயிற்று: அடர் நிறம் போடு, நெடுக்குக் கோடு போடு, தொளதொளவென்று போட்டு மறை. இந்த 11 குர்த்திகளில் ஏழு அடர் நிறம். எல்லாமே தொளதொள. ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் அம்மாவின் கறுப்பு மிதி மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். ஆறு சனிக்கிழமைகளை இதற்கென்று ஒதுக்கினேன். எனக்குத் தையல் தொழில் இல்லை. ஃபால்ஸ் தைப்பேன், ஓரம் மடித்து அடிப்பேன், அவ்வளவுதான் கை.

துணியைத் தொடுவதற்கு முன்பே ஒரு முழு சனிக்கிழமை போட்டோவில் போய்விட்டது. ஆனால் அந்த நாள்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. கண்ணாடியில் நாம் நம்மை நேராகப் பார்ப்பதில்லை. வயிற்றை உள்ளிழுத்து, ஒரு பக்கம் சாய்ந்து, நமக்குப் பிடித்த கோணத்தில் நின்றுகொள்கிறோம். போனில் கையை நீட்டி எடுத்தாலும் சரிவராது. மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகிவிடும். பக்கத்தில் வைத்து எடுத்தால் கேமராவுக்குக் கிட்டே இருப்பதெல்லாம் பெரிதாகத் தெரியும். அதனால் அரிசி டிரம்மின் மேல் இரண்டு எவர்சில்வர் டப்பாவை அடுக்கி, தொப்புள் உயரத்துக்குப் போனைச் சாய்த்து வைத்தேன். 8 அடி தள்ளி வெள்ளைச் சுவரை ஒட்டி நின்று, 10 விநாடி டைமர். முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று குர்த்திக்கு மூன்று படம். மொத்தம் 33 படங்கள்.

பின்பக்கப் படங்களைப் பார்க்கக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும். முதல் சுற்றில் என் உடம்பைத்தான் பார்த்தேன். இரண்டாம் சுற்றில்தான் துணி கண்ணில் பட்டது. 11 குர்த்திகளில் ஒன்பதில் ஒரே மூன்று குறை: தோள் தையல் தோளில் நிற்காமல் கையில் இறங்கிக் கிடக்கிறது. இடுப்புக்கு மேல் தளர்ச்சி, கீழே இழுவை. சைடு ஓபன் கூடாரக் கதவு மாதிரி விரிந்து நிற்கிறது. ஒன்பது துணியும் ஒரே இடத்தில் தப்பு செய்தால், தப்பு துணியிலும் இல்லை, உடம்பிலும் இல்லை. வாங்கிய முறையில் இருக்கிறது.

அடுத்து இன்ச் டேப். இங்கே நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒடுங்குகிற இடத்தையும் இடுப்பு என்கிறோம், அதற்கு ஏழெட்டு இன்ச் கீழே அகலமாக இருப்பதையும் இடுப்பு என்கிறோம். தையல்காரர்கள் அதனால்தான் கீழே உள்ளதை 'சீட்' என்று தனியாகச் சொல்கிறார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். இடுப்பு எங்கே என்று தெரியாவிட்டால் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நாலு தடவை வளைந்தால் போதும். நூல் தானாக நகர்ந்து போய் நிற்கும் இடம்தான் இடுப்பு. எனக்கு அது நான் நினைத்ததைவிட ஒரு இன்ச் மேலே இருந்தது.

என் அளவுகள்: உயரம் 5 அடி 1 இன்ச். தோள் எலும்பிலிருந்து எலும்புக்கு 13½ இன்ச். மார்பு 36, இடுப்பு 32, சீட் 43. இதுவரை எல்லாரும் எடுப்பதுதான். உண்மையான புதையல் நெடுக்கு அளவுகளில் இருந்தது. கழுத்தோரத் தோளிலிருந்து இடுப்புக்கு 14 இன்ச், சீட் மிக அகலமான இடத்துக்கு 21, முட்டிக்கு 36. அதே அளவுகளைக் குர்த்தியைத் தரையில் விரித்து எடுத்தேன். நான் வாங்குவதெல்லாம் 42 சைஸ், அதாவது எக்ஸ்எல். தோள் 15½ இன்ச். குர்த்தி ஒடுங்குகிற இடம் 15½ இன்ச்சில். சைடு ஓபன் ஆரம்பிப்பது 23 இன்ச்சில்.

இதைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் சிரிப்பு வந்துவிட்டது. என் இடுப்பு 14-இல் இருக்கிறது, குர்த்தியின் இடுப்பு 15½-இல். துணி ஒடுங்கும் இடத்தில் நான் அகலமாகத் தொடங்கிவிடுகிறேன். என் சீட் 21-இல் இருக்கிறது, துணி திறப்பதோ 23-இல். ஆக என் அகலமான இடம் முழுக்க மூடிய துணிக்குள் மாட்டிக்கொள்கிறது. அது பிடிக்கிறதென்று நான் ஒரு சைஸ் பெரிதாகக் கேட்கிறேன். பெரிய சைஸ் வாங்கியதும் தோள் வழிகிறது, மார்பு தொங்குகிறது. என்னைவிட நாலைந்து இன்ச் உயரமான ஒருத்திக்குப் போட்ட வரைபடத்தை அகலப்படுத்தி அகலப்படுத்தி நான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

(சைஸ் விஷயத்தில் கடைக்குக் கடை கணக்கு மாறுவதற்கும் காரணம் இருக்கிறது. இந்தியர்களின் உடலை ஒழுங்காக அளந்து வைத்த பொது அட்டவணை நம்மிடம் இருக்கவில்லை. அதற்காகத்தான் மத்திய அரசின் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட் ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியா சைஸ்' திட்டத்தைத் தொடங்கியது.)

சரி, வேலைக்கு வருவோம். முதலில் எடுத்தது நீலக் காட்டன். எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன்: சைடு பிடித்தேன். அக்குளிலிருந்து நேராகக் கீழே இரண்டு பக்கமும் முக்கால் இன்ச். போட்டுப் பார்த்தால் முன்னைவிட மோசம். மார்பு சரியாயிற்று, ஆனால் சீட்டில் இன்னும் இழுத்தது. தோள் வழிந்தபடியே இருந்தது. கையைத் தூக்கினால் மொத்தக் குர்த்தியும் கூடவே ஏறியது. அத்தனையையும் பிரித்தேன்.

தையல் பிரிக்கிற கத்தி 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுதான் இந்த ஆறு வாரத்தில் என் வலது கை. பிளேடால் பிரித்துப் பழகியவர்கள் தயவுசெய்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என் இடது ஆள்காட்டி விரல் சாட்சி.

குர்த்தியைத் தூக்கிக்கொண்டு குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தில், கல் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த கடைகள் அங்கேதான் மாறியிருக்கின்றன. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாவாடையும் ஜாக்கெட்டும் அந்தத் தூண்களின் நிழலில் தைத்தவைதான். பழக்கமான ஒரு தையல்கார அண்ணனிடம் காட்டினேன். டேப்பைக்கூட எடுக்கவில்லை அவர்.

"தோளைத் தொடாம சைடைப் பிடிச்சா எப்படிக்கா நிக்கும்? சட்டை தொங்குறது தோள்ல. ஆணி ஒரு இடத்துல இருக்கு, நீங்க படத்தைத் திருகிக்கிட்டு இருக்கீங்க."

"கையைப் பிரிக்கணுமாண்ணே?"

"பிரிச்சுத்தான் ஆகணும். பயப்படாதீங்க, துணிதானே."

அடுத்த சனிக்கிழமை பயந்துகொண்டேதான் பிரித்தேன். பிரிப்பதற்கு முன் இரண்டு கைகளிலும் சாக்கட்டியால் 'வலது', 'இடது', 'முன்' என்று எழுதிக்கொண்டேன். இது நானாகக் கண்டுபிடித்த புத்திசாலித்தனம் இல்லை, ஜாக்கெட் கையை ஒரு தடவை மாற்றி வைத்துத் தைத்து அழுத அனுபவம்.

தோள் தையலை முக்கால் இன்ச் உயர்த்த நினைத்தேன். கழுத்துப் பைப்பிங்கைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, தோள் முனையில் முக்கால் இன்ச், கழுத்தருகே பூஜ்யம் என்று சரிவாகத் தைத்தேன். சரிந்த தோள் உள்ளவர்களுக்கு அது சரியான வைத்தியம். எனக்கு நேரான தோள். தோள் முனை இறுகி, கழுத்தருகே துணி கூடிக்கொண்டு மடிப்பாக நின்றது. மறுபடி பிரித்து, பைப்பிங்கை இரண்டு பக்கமும் ஒரு இன்ச் அவிழ்த்து, தோள் முழுக்கச் சமமாக முக்கால் இன்ச் பிடித்தேன். மொத்தக் குர்த்தியும் முக்கால் இன்ச் மேலே ஏறியது. 15½-இல் இருந்த ஒடுக்கம் 14¾-க்கு வந்தது. மீதியைச் சைடில் சரிக்கட்டினேன்: என் இடுப்புக்கு நேரே உள்ளே வளைத்து, அங்கிருந்து ஏற்கனவே இருந்த தையலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டேன். உள்தையலில் அரை இன்ச் துணி விட்டிருந்ததால் முடிந்தது. எல்லாக் குர்த்தியிலும் அப்படி விடுவதில்லை.

அப்புறம் தோள் அகலம். பக்கத்துக்கு ஒரு இன்ச் வெட்ட வேண்டும். வெட்டும் கோடு தோள் முனையில் ஒரு இன்ச் உள்ளே தொடங்கி, அக்குளுக்குப் பாதி தூரத்தில் பழைய வளைவோடு கலந்துவிட வேண்டும். பழைய போஸ்டரில் ஒரு வளைவு வரைந்து வெட்டி, அதையே இரண்டு பக்கமும் வைத்து வரைந்தேன். வெறும் கண்ணளவில் வெட்டினால் இடதும் வலதும் ஒன்றாக வராது.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். தோளில் முன்துணி முக்கால், பின்துணி முக்கால் என்று பிடித்ததில் கைக்குழியின் சுற்று ஒன்றரை இன்ச் குறைந்துவிட்டது. கையின் சுற்று குறையவில்லை. ஒன்றரை இன்ச் துணி எங்கே போகும்? பின் குத்தினால் தோள் உச்சியில் குட்டிக் குட்டிச் சுருக்கமாக வந்தது. கையின் அடித்தையலைப் பிடிக்கலாம் என்றால் மேல்கை இறுகும். மணி பதினொன்றாகிவிட்டது. எரிச்சலில், சுருக்கம் வரத்தானே செய்கிறது, வந்துவிட்டுப் போகட்டும் என்று கையின் உச்சியில் 4 இன்ச் நீளத்துக்கு இரண்டு வரிசை ஓட்டுத்தையல் போட்டு, நூலை இழுத்து, வேண்டுமென்றே செய்த சுருக்கம் மாதிரி சமமாகப் பரப்பித் தைத்துவிட்டேன்.

காலையில் போட்டுப் பார்த்தால், இந்த ஆறு வாரத்திலேயே சிறந்த குர்த்தி அதுதான். தோளில் லேசாக ஒரு பஃப். பாட்டி காலத்துப் பலூன் கை அளவுக்கு இல்லை, அரை இன்ச் மேடு, அவ்வளவே. ஆனால் அந்த அரை இன்ச், ஒடிசலான தோளுக்கு ஒரு விளிம்பு கொடுத்தது. தோள் கொஞ்சம் அகலமானதும் கீழே உள்ள அகலம் தனியாகக் கண்ணில் குத்தவில்லை. இத்தனை வருஷமும் கீழே எப்படி மறைப்பது என்றே யோசித்திருக்கிறேன். மேலே கொஞ்சம் சேர்க்கலாம் என்று தோன்றவே இல்லை. அதற்கப்புறம் மூன்று குர்த்திகளுக்கு இதே கை வைத்தியம்தான். படகுக் கழுத்தும் இதே வேலையைச் செய்யும். ஆழமான 'வி' கழுத்து என் வாகுக்குத் தோளை இன்னும் குறுக்கியது.

சைடு ஓபன் வேலை சுலபம், பலனோ அதிகம். தையலைப் பிரித்து, திறப்பைச் சீட்டுக்கு மேலே கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான். சிவப்புக் குர்த்தியில் ஆர்வக்கோளாறில் 19 இன்ச் வரை ஏற்றிவிட்டேன். கண்ணாடி முன்னால் பிரமாதம். திங்கட்கிழமை டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்தபோது லெக்கிங்ஸின் எலாஸ்டிக் வெளியே எட்டிப் பார்த்தது. பெரியார் நிலையம் வரை துப்பட்டாவைப் பிடித்தபடியே நின்றேன். அன்று இரவே 20 இன்ச்சுக்கு இறக்கித் தைத்தேன். இனி எதைத் தைத்தாலும் கையைத் தூக்கி ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நூலை வெட்டுவது. திறப்பின் உச்சியில் உள்பக்கமாக ஒரு சின்னத் துண்டுத் துணியை வைத்து முன்னும் பின்னும் நாலு ஓட்டு ஓட்டிவிடுங்கள். இல்லையென்றால் அங்கேதான் முதலில் கிழியும்.

நீளம் வெட்டியது பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு குர்த்தி அதில் போய்ச் சேர்ந்தது.

46 இன்ச் நீளக் குர்த்தி எனக்குக் கெண்டைக்காலுக்கும் கீழே போய் முடிகிறது. ஒரே குர்த்தியை 46, 42, 38, 34 என்று மடித்துப் பின் குத்தி நாலு படம் எடுத்தேன். 34 முட்டிக்குச் சற்று மேலே தொடையில் முடிந்தது, மிக மோசம். ஓரம் எங்கே முடிகிறதோ அங்கே கண் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிடுகிறது. அந்தக் கோடு உடம்பின் பருமனான இடத்தில் விழுந்தால் அகலத்தை அடிக்கோடிட்டுக் காட்டின மாதிரி. 38, முட்டிக்குச் சற்றுக் கீழே கால் ஒடுங்குகிற இடம், லெக்கிங்ஸுக்கு அதுதான் சரி. ஆச்சரியமாக, 42 நேரான பேண்ட்டோடு போட்டால் நன்றாகவே இருந்தது. அதிலும் பேண்ட்டும் குர்த்தியும் கிட்டத்தட்ட ஒரே நிறமாக இருந்தால் அந்தக் குறுக்குக் கோடே காணாமல் போகிறது.

முடிவு செய்து, மஞ்சள் ரேயான் குர்த்தியை மேஜையில் விரித்து 38-க்கு நேர்கோடு போட்டு வெட்டி அடித்துவிட்டேன். போட்டால் பின்பக்கம் ஒரு இன்ச் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சீட் வெளியே தள்ளும்போது பின்துணி அந்த வளைவில் ஏறி இறங்க வேண்டும், அதற்கு நீளம் செலவாகும். மேஜைக்கு இது தெரியாது. போதாததற்குத் துவைத்ததும் ரேயான் இன்னும் சுருங்கியது. வாங்கியதிலிருந்து தண்ணீரே படாத துணி அது. இப்போது தலையணை உறையாக இருக்கிறது, நல்ல தலையணை உறை.

அதன் பிறகு ஒழுங்கு மாறியது. முதலில் துவைத்துக் காயப்போடு. பிரித்துத் தைத்து முடித்த பிறகு ஒரு இரவு ஹேங்கரில் தொங்கவிடு. ஓரத்தைக் கடைசியில், உடம்பில் போட்டுக்கொண்டு, தரையிலிருந்து அளந்து குறி. இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். என் மகள் ஸ்கேலைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, என்னைச் சுற்றி முட்டிபோட்டு நகர்ந்துகொண்டே சாக்கட்டியால் புள்ளி வைத்தாள். "அம்மா, மூச்சு விடாத" என்று அதட்டல் வேறு. ரேயானுக்கு 11 நம்பர் ஊசி போடுங்கள். காட்டனுக்குப் போடும் 16-ஐ மாற்றாமல் ஓட்டினால் வரிசையாக ஓட்டை விழும்.

கோடு போட்ட துணி பற்றி ஒரு சின்னச் சோதனை. குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்று அம்மா சொல்லி, அந்த வெள்ளையில் நீலக் கோடு போட்ட குர்த்தியை நான் தொட்டதே இல்லை. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார்: குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தோன்றுமாம். 2011-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்சன் குழுவினர் பெண் உருவப் படங்களில் கோடு போட்டுச் சோதித்து, குறுக்குக் கோடு குண்டாகக் காட்டுவதில்லை என்று வெளியிட்டார்கள். தோளும் திறப்பும் சரிசெய்த பிறகு என் நீலக் கோட்டையும் அதே அளவில் தைத்த வெறும் நீலக் குர்த்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டில் எல்லாரிடமும் காட்டினேன். எதில் ஒல்லி என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அம்மா மட்டும், "கோடு போட்டதுல குண்டாத்தான் இருக்க" என்றார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என் அம்மாவைச் சந்தித்ததில்லை.

ஆனால் துணியின் விறைப்பு வித்தியாசம் காட்டுகிறது, அதை மறுக்க மாட்டேன். புடவையில் இது எனக்கு முன்பே தெரியும். காரைக்குடிக் கண்டாங்கியைக் கஞ்சி போட்டுக் கட்டினால் சீட்டில் பெட்டி மாதிரி நிற்கும், அதே நான் சுங்குடி கட்டினால் துணி உடம்போடு இறங்கிவிடும். குர்த்தியிலும் அதுதான். கலம்காரி அச்சுப் போட்ட ஒரு கனத்த காட்டனை என்ன செய்தும் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. அதையும், தோள் வெட்ட இடமில்லாமல் எம்பிராய்டரி ஓடிய இன்னொன்றையும் எனக்கு நேர்மாறான வாகுள்ள நாத்தனாரிடம் கொடுத்தேன். அகன்ற தோள், ஒடுங்கிய சீட். எனக்கு வழிந்ததெல்லாம் அவளுக்கு அச்சில் வார்த்த மாதிரி நின்றது.

பேண்ட்டுக்கு மட்டும் கணக்கு தலைகீழ். அங்கே சீட்டுக்குச் சரியாக வாங்கி, இடுப்பைப் பிடிக்க வேண்டும். பின்பக்க நடுத்தையலில் பட்டியோடு சேர்த்து ஒன்றரை இன்ச் பிடித்தேன், அரை மணி நேர வேலை. இதை ஏன் இத்தனை நாள் செய்யாமல் பெல்ட்டைப் போட்டுக் குத்திக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

ஆறாவது சனிக்கிழமையோடு ஏழு குர்த்திகள் தேறின. மெரூன் பட்டுக்காட்டன் ஒன்று இன்னும் தொங்குகிறது. ஓவர்லாக் அடித்துத் தையலை ஒட்டியே வெட்டியிருப்பதால் உள்ளே விட ஒரு நூல் துணியில்லை. சைடில் வேறு துணி இணைத்துத்தான் பார்க்க வேண்டும்.

போன வாரம் புதிதாக ஒன்று வாங்கப் போனேன். இந்தத் தடவை எக்ஸ்எல் பக்கம் போகவே இல்லை. 38 சைஸை எடுத்து, டிரையல் ரூமில் தோளைப் பார்த்தேன், எலும்பின் மேல் கச்சிதமாக நின்றது. திருப்பிப் போட்டு உள்தையலைப் பார்த்தேன், அரை இன்ச் துணி இருந்தது. வெளியே வந்ததும் விற்பனைப் பெண் முகத்தைச் சுளித்தாள்.

"சீட்டுல டைட்டா இருக்குக்கா. எக்ஸ்எல் எடுத்துத் தரவா?"

"வேண்டாம்மா, நான் பிரிச்சுக்கிறேன்."

புதுத் துணியைப் பிரிப்பதா என்பது போல் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, ஒரு அலசு அலசிக் காயவைத்து, இரவு சாப்பாட்டுக்கு முன் 20 நிமிஷத்தில் திறப்பை மூன்று இன்ச் ஏற்றி, கையைத் தூக்கிப் பார்த்து, தைத்து முடித்தேன். பிரித்த நூலைக் கூட்டி அள்ளும்போதுதான் கவனித்தேன், விலைச் சீட்டு இன்னும் கழுத்திலேயே ஈரம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.